மார்த்தா அம்மா பின்னாத மேசை விரிப்பு

எங்கள் குடும்பக் கணக்குப்படி உலக வரலாறு 1819-இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஏதேன் தோட்டம், ஜலப்பிரளயம், ரோமப் பேரரசு என்று சில சில்லறைச் சம்பவங்கள் நடந்திருக்கின்றன; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலில் வந்து இறங்கினார்கள். பாதிரியார் எதற்கு வந்தார் என்பது எங்கள் பெரியம்மாவுக்குப் பொருட்டே இல்லை. "அவரு பிரசங்கம் பண்ண வந்தாரு. பிரசங்கம் யாருதான் பண்ணல? அம்மா ரேந்தை பின்ன வந்தா, கேட்டியா மக்களே" என்று முடித்துவிடுவார்.

அந்த ரேந்தையில், அதாவது லேஸில், ஒன்றுதான் எங்கள் வீட்டு மேசை விரிப்பு என்பது குடும்ப ஐதீகம். கிறிஸ்மஸ் அன்று ஒரு நாள் மட்டும் பரணிலிருந்து இறங்கும். மற்ற 364 நாளும் தகர டிரங்குப் பெட்டிக்குள் வேப்பிலையும் நாப்தலின் உருண்டையுமாகத் தவம். எங்கள் கொள்ளுப்பாட்டியின் பாட்டிக்கு மார்த்தா அம்மையாரே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துப் பின்னவைத்தது என்பார்கள். இதை நம்பாதவர்களுக்கு அன்று ரோஸ் குக்கி கிடையாது.

மார்த்தா சொல்லிக்கொடுத்தது என்னவோ உண்மை. 1820-களில் அவர் பெண்பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளியில் காலையில் எழுத்து, பிறகு ரேந்தை. கெட்டியான தலையணை ஒன்றின் மேல் மாதிரித் தாளைப் பரப்பி, குண்டூசிகளைக் குத்தி, குச்சி குச்சியாக மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வித்தை. ஒரு நேரத்தில் டஜன் கணக்கில் குச்சிகள் கையில் புரளும். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். பின்னுகிறவளுக்குக் கண் போகும். பின்னி முடித்ததைத் தென்னிந்தியாவெங்கும் இருந்த துரைசானிகள் கழுத்துப் பட்டைக்கும் கைவிளிம்புக்கும் வாங்கினார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகளுக்கும் கூலி கிடைத்தது.

அந்தக் கூலிதான் விவகாரம். அங்கே படித்த பிள்ளைகளில் சிலர் அடிமைகள். அன்றைய திருவிதாங்கூரில் மனிதர்களுக்கு விலை உண்டு; நிலத்தோடு சேர்த்தும் விற்பார்கள், தனியாகவும் விற்பார்கள். இந்தப் பிள்ளைகள் ரேந்தை பின்னிய காசைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி வெளியே வந்தார்கள். மகாராஜா அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது 1855-இல். அவர் யோசித்து, ஆலோசித்து, நாள் நட்சத்திரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் சில பெண்கள் குண்டூசியை வைத்தே விடுதலை வாங்கி வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1851-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கும் நாகர்கோவில் ரேந்தை போயிருக்கிறது. பின்னியவள் பெயர் போகவில்லை. மார்த்தா அம்மையாரின் பெயரே "மால்ட் பாதிரியாரின் மனைவி" என்றுதான் பாதி இடங்களில் இருக்கிறது என்னும்போது, எங்கள் கொள்ளுப்பாட்டியின் பாட்டி யார் கண்ணில் படப்போகிறார்?

இதற்குள் இன்னொரு கூத்து. ஐரோப்பியச் சீமாட்டியின் கழுத்துக்கு ரேந்தை பின்னுகிற அதே பெண், தன் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் அடி விழும். தோள்சீலை மேல்சாதிப் பெண்களின் தனிச்சொத்தாம். சீமை முழுவதற்கும் உடை தைக்கலாம், தான் உடுத்தக் கூடாது. இதற்கு மாற்றாக மிஷனைச் சேர்ந்த மீட் பாதிரியாரின் மனைவி ஜோஹன்னா ஒரு தொளதொள குப்பாயத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தார். அழகுக்கு எந்தப் பரிசும் வாங்காத உடுப்பு. ஆனால் ஒரு சமஸ்தானத்தையே அது ஆட்டிவைத்தது. 1814-இலேயே பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றிருந்தார். 1829-இல் ராணி, குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே சீலை வேண்டாம் என்றார். பிறகு கலகம், தீவைப்பு, துணியுரிப்பு. கடைசியில் 1859 ஜூலையில் வந்த அறிக்கை, மேலே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் வேண்டாம் என்று மன்றாடியது. ராஜ்ஜியத்தின் மானம் ஒரு மடிப்பில் வந்து நின்றுவிட்டதைப் பாருங்கள். பெண்பிள்ளைக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அடக்க ஒடுக்கமாக இருப்பாள் என்று எந்தப் புண்ணியவான் முதலில் சொன்னானோ, அவன் நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. நாகர்கோவிலில் வளர்ந்து, தமிழை வீட்டு மொழியாகப் பேசியவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி தேரிக்காட்டுக்குப் போனார். கணவர் திராவிட மொழிகள் ஒரே குடும்பம் என்று ஒப்பிலக்கணம் எழுதுவதற்கு நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி வேறு நூலை எடுத்துப் பனையேறிகளின் பெண்களுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்தார். ஐயர்வாளுக்கு 1968-இல் மெரினாவில் சிலை வைத்தார்கள். நல்ல விஷயம். எலைசா அம்மாவுக்கு இடையன்குடிப் பெண்களின் விரல்தான் சிலை. காக்கை உட்காராத இடம் என்ற வகையில் அது உத்தமம்.

இதெல்லாம் பெருமையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்கள் குடும்பத்துக்கு ஒரு மருமகள் வரும்வரை. நெசவும் ஆடையும் படித்த பெண். முதல் கிறிஸ்மஸுக்கு மேசை விரிப்பைக் கையிலெடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், விளிம்பை நிமிண்டினாள். "அத்தே, இது குச்சி வச்சுப் பின்னின லேஸ் இல்ல. குரோஷா. கொக்கி ஊசியால ஒத்த நூல்ல போட்டது" என்றாள். கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நடுவில் நின்றது.

அவள் சொன்னது மறுக்க முடியாத நியாயம். ரேந்தைக்குப் பல நூல், பல குச்சி, ஒரு தலையணை. குரோஷாவுக்கு ஒரே நூல், ஒரே கொக்கி, ஊர்வம்பு பேச ஒரு துணை. இந்தக் கொக்கி ஊசி வேலை ஐரோப்பாவிலேயே பரவலானது மார்த்தா இங்கே வந்து இருபது இருபத்தைந்து வருடம் கழித்துத்தான். 1840-களின் நடுவில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, பட்டினி கிடந்த பெண்களுக்கு வயிற்றுப் பிழைப்பாகக் கன்னியாஸ்திரீகள் குரோஷா ரேந்தை கற்றுக்கொடுத்தார்கள். அங்கிருந்துதான் அது உலகத்து மேசையெல்லாம் ஏறியது. விரிப்பு மார்த்தா அம்மாவுடையது இல்லை என்பதையாவது பெரியம்மா விழுங்கியிருப்பார். ஐந்து தலைமுறைச் சீர்திருத்த சபைக் குடும்பத்தின் பொக்கிஷத்துக்கு ரோமன் கத்தோலிக்கப் பூர்வீகம் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அயர்லாந்துன்னு யாரு சொன்னா? சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். மருமகள் சிரித்தாள். அந்த வருடம் அவளுக்கு ரோஸ் குக்கி கிடைக்கவில்லை.

எப்படியானாலும், எங்கள் குடும்பம் குடியேறிய தாம்பரத்துக்கு அந்த விரிப்பு வந்தது ரயிலில். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். மீட்டர்கேஜில் நாட்டிலேயே முதன்முதல் மின்சாரம் இழுத்த தடம் இது. தாத்தா ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தார். பாட்டி டிரங்குப் பெட்டியோடு வந்தார். அப்போது தாம்பரம் என்றால் ஒரு பக்கம் புதர்க்காடு, மறுபக்கம் டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. நல்ல காற்று வேண்டும் என்றால் இங்கே வரவேண்டும் என்று மருத்துவர்களே எழுதிக் கொடுத்த ஊர். இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பச்சை விளக்குக்குக் காத்திருந்தபடி இதைப் படிப்பவர்கள் மன்னிக்கவும்.

1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் இரைச்சலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. சுவரின் சுண்ணாம்பு சரியாகக் காய்ந்திருக்குமோ என்னவோ, மறுவருடமே உலகம் இறங்கியது. அகில உலக மிஷனரிப் பேரவை சீனாவில் கூடுவதாக இருந்தது. ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு யோகம் அடித்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, கிட்டத்தட்ட எழுபது நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள். தலைமை ஜான் மாட். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலியும் வந்திருந்தார். நற்செய்திக்கும் உள்ளூர்ப் பண்பாட்டுக்கும் தொடர்ச்சி உண்டா, அல்லது சுத்தமாக அறுந்த நூலா என்பதுதான் காரசார விவாதம். டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் இதற்கென்றே தடிப் புத்தகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சென்னையின் இறையியல் சிந்தனையாளர்கள் செஞ்சையாவும் சக்கரையும் கூட்டாளிகளும் பதில் புத்தகத்தோடு தயாராக இருந்தார்கள். பதினெட்டு நாள் கூடிப் பேசியும் முடிவு ஏற்படவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இறையியல் கல்லூரிகளில் இதற்கே தாள் திருத்தினார்கள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த எந்த ரயில்வே குடியிருப்பு வீட்டிலாவது எட்டிப் பார்த்திருந்தால் விவாதம் அரை மணியில் முடிந்திருக்கும். மூலையில் கிறிஸ்மஸ் மரம். அது பைன் இல்லை, ஃபிர் இல்லை, சவுக்குக் கொப்பு. சவுக்கைச் சென்னைக் கடற்கரையோரம் 1860-களில் தோப்புத் தோப்பாக வளர்த்ததே ரயில் எஞ்சினுக்கு விறகு போடத்தான். எங்கள் தடத்தில் மின்சாரம் வந்ததும் வேலை போன சவுக்கு, விக்டோரியா ராணியின் கணவர் விண்ட்சர் கோட்டையில் நட்டுப் பிரபலமாக்கிய மரத்தின் இடத்தில் ஆக்டிங் உத்தியோகம் பார்த்தது. அதன் மேல் பனி, அதாவது மருந்துக்கடைப் பஞ்சு. வெளியே வெயில் முப்பது டிகிரியைத் தொடப் போகிறது, உள்ளே பஞ்சுப் பனியில் ஒட்டகம் நிற்கிறது. குடிலைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று கேழ்வரகு முளை. ஒன்பது நாளுக்கு முன்னால் தட்டில் விதைத்தது. பக்கத்து வீட்டு மாமி நவராத்திரிக் கொலுவிலிருந்து இரவல் கொடுத்த செட்டியார் பொம்மை, நான்காவது சாஸ்திரியாக வெற்றிலைப் பெட்டியோடு முன்னணைக்கு வந்திருப்பார். தொடர்ச்சி உண்டா என்று கேட்டார் கிரேமர்!

மாநாட்டுத் தேநீர் மேசைக்கு எங்கள் விரிப்பு இரவல் போனதாக அடுத்த ஐதீகம். நடுவில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. அது ஒரு வெளிநாட்டுப் பிரதிநிதி தேநீரைக் கொட்டியது என்பதில் குடும்பத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த நாட்டுக்காரர் என்பதில்தான். இந்தியா அந்த மாதம் கிரிக்கெட்டில் யாரோடு தோற்கிறதோ அந்த நாட்டுக்காரர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் இந்தக் கைவேலையின் வீழ்ச்சி தொடங்குகிறது. தையல் கெட்டுப்போகவில்லை. கூலி நின்றுபோனது. பள்ளியில் தையல் டீச்சர் வந்தார். கட்டம்போட்ட சாம்பிள் நோட்டு வந்தது. ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், ஹெர்ரிங்போன், லேசி டேசி, பிரெஞ்சு முடிச்சு என்று துண்டுத் துணிகளை ஒட்டி மார்க் வாங்கிய தலைமுறை அது. நூல் மட்டும் மாறவில்லை. நங்கூரப் படம் போட்ட ஆங்கர் நூல்கண்டு, ஸ்காட்லாந்தில் பெயிஸ்லி ஊர்க்காரர்களின் சரக்கு. 1880-களில் பாபநாசத்தில் மில் கட்டிய ஹார்வி துரைகளின் கம்பெனியும் இந்தக் கோட்ஸ் கம்பெனியும் 1974-இல் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. கல்லூரியைக் கட்டியதும் ஸ்காட்லாந்து சபை, நூலை விற்றதும் ஸ்காட்லாந்துக்காரர்கள். எங்கள் அத்தைகளின் மாதச் செலவில் பாதி எந்த ஊருக்குப் போயிற்று என்று எந்தப் பொருளாதார நிபுணரும் ஆராயவில்லை.

பூத்தையலுக்கு அன்று இரண்டே உபயோகம். முதலாவது, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சாட்சி. நாற்காலி முதுகில் மயில், தலையணையில் ஆங்கிலத்தில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', சுவரில் இந்த வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்துவே என்று அறிவிக்கும் கண்ணாடிச் சட்டம். "எல்லாம் பொண்ணு போட்டது" என்பார்கள். பல்லாவரத்தில் ஒரு அத்தை, குரோம்பேட்டையில் ஒரு சித்தி, தாம்பரத்தில் பெரியம்மா. மூன்று பேர் கல்யாணமும் ஒரே மயிலின் தோகையில்தான் முடிந்தது. மயில் மின்சார ரயிலில் பாஸ் வாங்காத குறையாக வந்து போனது. போட்டது யார் என்றால், மூவரும் இல்லை. கல்யாணமே செய்துகொள்ளாத பெரிய அத்தை.

இரண்டாவது உபயோகம், அறுப்பின் பண்டிகை ஏலம். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் வருடம் முழுக்கத் தைத்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே பெரியம்மாவின் தலையணை உறை. கேட்பார் இல்லாமல் கிடந்தால் மானம் போய்விடும் என்று பெரியப்பாவே ஏலம் கேட்பார். எதிரில் ஒரு குறும்புக்கார டீக்கன் விலையை ஏற்றிவிடுவார். நூலுக்கும் துணிக்கும் ஏற்கெனவே காசு கொடுத்த மனிதர், அதையே மும்மடங்கு விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரியம்மாவுக்கு என்ன கிடைத்தது? மேடையில் ஐயரம்மா கையால் ஒரு எவர்சில்வர் தட்டு. அதுவும் அடுத்த வருட ஏலத்துக்குப் போகும். அடிமைப் பெண் தன்னை மீட்டுக்கொள்ளக் காசு கொடுத்த கைவேலை, நூற்றைம்பது வருடத்தில் "சும்மாதானே இருக்கா, பொழுது போக்குக்கு" என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. இதற்கு நாகரிகம் என்று பெயர்.

மர அலங்காரங்களின் கதை இன்னும் ஏழ்மை. ஜெர்மனியின் லாவ்ஷா என்ற மலைக் கிராமத்தில் கண்ணாடி ஊதுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். அதே ஜெர்மனியில் நீஸ்கி ஊரின் மொராவிய விடுதிப் பள்ளியில், 1830-களில், ஜியோமிதி வகுப்புக்கென்று பையன்கள் கூர்கூராகக் காகித நட்சத்திரம் செய்தார்கள். தாம்பரத்தில் ஜியோமிதி கிடையாது. மூங்கில் சிம்பு, கலர் பேப்பர், மைதாப் பசை, உள்ளே ஜீரோ வாட் பல்பு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஒரு கடைசி அடி அடிக்கும், மைதா கரையும், விடிந்தால் பெத்லகேமின் நட்சத்திரம் எலும்புக்கூடாகத் தொங்கும். அதனால் பாட்டி காலத்திலிருந்தே நட்சத்திரங்களை நூலில் பின்னிச் சர்க்கரைப் பாகிலோ கஞ்சியிலோ முக்கி விறைக்க வைத்தார்கள். சர்க்கரைப் பாகு எறும்புக்குப் பிடித்தது. கஞ்சி கரப்பானுக்குப் பிடித்தது. டிரங்குப் பெட்டியில் உயிர்பிழைத்த நட்சத்திரங்களைப் பார்த்தால் டார்வின் சந்தோஷப்படுவார். கூடவே ஃபியூஸ் போன பல்புக்கு உல்லன் சட்டை போட்ட கிறிஸ்மஸ் தாத்தாக்கள், ஜிகினாத் தாள் சுற்றிய தீப்பெட்டிப் பரிசுப் பொட்டலங்கள், ஒரு சிறகோடு ஒரு தேவதூதர்.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு முடிச்சூருக்குள் வந்தது. பெரியம்மா அப்போது முடிச்சூரில். மாடிக்கு ஓட ஐந்து நிமிடம், சிலிண்டர், டி.வி., பத்திரம் எல்லாம் கீழே. டிரங்குப் பெட்டி மேலே. "வீட்டுப் பத்திரம் எங்க?" என்று பெரியப்பா மொட்டைமாடியில் கத்தினார். "அது டூப்ளிகேட் வாங்கலாம்" என்றார் பெரியம்மா. பத்திர நகலுக்கு அலைந்த ஆறு மாதமும் பெரியப்பா அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நட்சத்திரங்களுக்கு ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

இப்போது தாம்பரம் சண்முகம் சாலையில் நவம்பரிலேயே பிளாஸ்டிக் பைன் மரமும் சீன உருண்டைகளும் குவிந்துவிடுகின்றன. கீழே போட்டாலும் உடையாது, எறும்பு சீந்தாது. அந்தக் காசநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் போன பெண்கள் சீமைக்குச் சட்டை தைத்துச் சம்பளமாவது வாங்கினார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் காலணா இல்லை என்று மருமகள் ஒருநாள் கணக்குப் போட்டாள். குரோஷா என்று கண்டுபிடித்துச் சொன்னாளே, அதே மருமகள். பெரியம்மா பின்னிய நட்சத்திரத்தைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். பெங்களூரில் யாரோ ஒரு மகராசி, ஒன்று நூற்று எண்பது ரூபாய்க்கு நாற்பது கேட்டாள்.

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். மார்த்தா அம்மா, மால்ட் பாதிரியார், அயர்லாந்து எதுவும் பேசவில்லை. "பாதிப் பணம் மொதல்ல போடச் சொல்லு" என்றார். "நூல் வேற வெலையேறிக் கெடக்கு."

பணம் வந்தது. போன அறுப்பின் பண்டிகைக்கு ஐக்கிய சங்கச் செயலாளர் வழக்கம்போலத் தலையணை உறை கேட்டு வந்தார். சங்கத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்று பெரியம்மா சொல்லியனுப்பினார். குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எனக்கு ஆறு நட்சத்திரம் வேண்டியிருந்தது. ஆயிரத்து எண்பது ரூபாய் ஜிபே பண்ணினேன்.